விளாச்சேரி மண்

மதுரை மாநகரத்தின் தென்மேற்கில், திருப்பரங்குன்றத்தைக் கடந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, சுதந்திரத்திற்குப் பிற்பட்ட காலத்தில் வரிசை வரிசையான வீதிகளோடு வளர்ந்த திருநகரில் குடியிருப்பவர்கள், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மையோ சதுர்த்திக்குப் பிள்ளையாரோ வேண்டுமென்றால் நகரத்துக் கடைவீதியை நாடிப் போக வேண்டிய அவசியமில்லை. பசுமலைப் பக்கத்து விளாச்சேரிக்குப் போய், செய்கிறவர் வீட்டுத் திண்ணையிலேயே பேரம் பேசி வாங்கி வந்துவிடலாம். விளாச்சேரி என்றதும் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருகிறவர் பரிதிமாற் கலைஞர். 1870-ல் சூரியநாராயண சாஸ்திரியாராக அவ்வூரில் பிறந்து, பின்னர் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட அந்தப் பேராசிரியருக்கு அங்கே ஒரு நினைவில்லம் இருக்கிறது. ஆனால் ஊருக்குச் சோறு போடுவது மண். வேளார் என்று அழைக்கப்படும் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மண்ணைப் பிசைந்து ஜீவனம் செய்து வருகின்றன. மனிதனுடைய யந்திர அறிவும் சிருஷ்டித் திறனும் இயற்கையைப் பற்றிய அவனுடைய மனோபாவத்தை எப்படியெல்லாம் புரட்டிப் போட்டிருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், பெரிய ஆலைகளின் சரித்திரத்தை ஆராய்வதற்கு முன்னால் இந்தச் சிறிய தொழிலின் சரித்திரத்தைப் பார்ப்பது நல்லது.

மதுரைப் பிரதேசத்தின் சமவெளி, கண்மாய்களால் ஆன சமவெளி. வைகையிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஒரு கண்மாயை நிரப்ப, அதன் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் பாய, இவ்விதம் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுக்கப்பட்ட நீர்நிலைகளின் ஆதாரத்தில்தான் இங்கே நெல்லும் வாழையும் விளைந்தன. மாடக்குளம், தென்கால், நிலையூர் முதலிய பெயர்களைப் பேருந்து நிறுத்தங்களாகவும் மனைப்பிரிவு விளம்பரங்களாகவும் மட்டுமே அறிந்திருக்கும் இன்றைய வாசகருக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பாண்டியர் கல்வெட்டுகளில் நம்முடைய நகரம் ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று குறிக்கப்படுகிறது. சங்கம் வளர்த்ததாகவும் மீனாட்சி அரசாள்வதாகவும் நாம் பெருமை பேசும் ராஜதானியை, ஒரு கண்மாயின் பாசனத்துக்கு உட்பட்ட ஊர் என்று கல்லில் வெட்டி வைத்ததில் அந்த அரசர்களுக்கு எவ்வித கௌரவக் குறைவும் தோன்றவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, தையில் வயலுக்கு இறங்கி, பங்குனியில் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும் கண்மாயின் வயிற்றில், ஓராண்டு வெள்ளம் சுமந்து வந்த வண்டல் படிந்து கிடக்கும். அந்த வண்டலைக் குடியானவன் கரம்பை என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வயலுக்கு அடித்தான். அதற்கும் அடியில் இருந்த வழவழப்பான களியைக் குயவன் வெட்டிக்கொண்டு போனான். இவ்விருவருடைய தேவையும் தீர்ந்தபோது கண்மாயும் ஆழமாயிற்று. ஊர் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்னும் சம்பிரதாயத்தைப் பற்றி இப்போது எல்லோரும் உருக்கமாகப் பேசுகிறார்கள்; அந்த உழைப்பைச் சட்டத்தினால் கட்டாயப்படுத்துவதற்கு 1858-ல் சென்னை ராஜதானி அரசாங்கம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஆனால் சட்டமும் முறைப்பாடும் இல்லாமல், கூலியும் கேட்காமல், வருஷந்தோறும் கோடையில் தூர் வாரிக்கொண்டிருந்தவர்களில் குயவனும் ஒருவன் என்பதை அந்தப் பேச்சுக்களில் யாரும் குறிப்பிடுவதில்லை. அவன் இயற்கையைப் பாதுகாக்கிறோம் என்று எண்ணி அதைச் செய்யவில்லை. பானைக்கு மண் வேண்டியிருந்தது, எடுத்தான். பழைய காலத்து மனிதர்கள் எல்லாரும் பூமிதேவியிடம் பக்தி பூண்டு அடக்கத்தோடு வாழ்ந்தவர்கள் என்று வர்ணிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்களுடைய தேவையும் கண்மாயின் தேவையும் ஒரே திசையில் அமைந்திருந்தன. அந்த அமைப்புதான் வியக்கத்தக்கது.

தொழிலின் புராதனத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில், மத்தியத் தொல்லியல் துறை 2015-ல் தொடங்கிப் பின்னர் தமிழக அரசின் தொல்லியல் துறை தொடர்ந்த அகழாய்வில் குவியல் குவியலாகக் கிடைத்தவை பானை ஓடுகளே. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் அந்த வாழ்விடத்துக் கறுப்பு சிவப்பு மட்கலங்களில் ‘ஆதன்’ முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு கலத்தை ஒரே சூட்டில் சுட்டெடுக்க வேண்டுமானால், அதைக் கவிழ்த்து வைத்து, உட்புறத்துக்குக் காற்றுப் போகாமல் அடைத்து, வெளிப்புறத்தைக் காற்றோடு எரிய விட வேண்டும். அப்போது மண்ணிலுள்ள இரும்பு வெளியே சிவக்கும், கரி உள்ளே படிந்து கறுக்கும். பிராணவாயு என்ற பெயரை அறியாதவர்கள் அதன் குணத்தை அறிந்திருந்தார்கள். யந்திர யுகத்திற்கு முற்பட்ட தொழில்களில் விஞ்ஞானம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஓட்டுச் சில்லே பதில்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் நடக்கும் ஒரு சடங்கை இங்கே நினைக்க வேண்டும். அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்று ஊர் தீர்மானித்துவிட்டால், ஊர்ப் பெரியவர்கள் முதலில் வேளாரை அழைத்து, தட்டில் வைத்துப் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி மண்தான். அதை வாங்கிக்கொண்டு போய், தம்முடைய களியோடு கலந்து, விரதம் இருந்து குதிரையை உருவாக்கிச் சுட்டு வர்ணம் தீட்டி வைத்தபின், குறித்த நாளில் ஊரார் அதைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அநேக ஊர்களில் அந்தக் கோயிலுக்குப் பூசாரியும் வேளாரே. சென்ற வருஷத்துக் குதிரையும் அதற்கு முந்திய வருஷத்துக் குதிரையும் அங்கேயே காது உடைந்து, வர்ணம் உதிர்ந்து, மழையில் நனைந்து நின்றுகொண்டிருக்கும். அவற்றை யாரும் அப்புறப்படுத்துவதில்லை, யாரும் வருத்தப்படுவதுமில்லை. சுட்ட மண் கரையாது என்பது வேறு விஷயம். அந்தச் சடங்கில் எந்த மண்ணிலிருந்து தெய்வ காரியம் தொடங்குகிறது என்பதற்கு ஊரே சாட்சியாக நிற்கிறது; இதை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மண் பொம்மை ஆகும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். கோடையில் வெட்டி வந்த களிக்கட்டிகளை வெயிலில் உலர்த்தி, தட்டி உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, குழியில் ஊற வைக்கிறார்கள். ஊறியதை எடுத்து, மணல் சேர்த்து, காலால் மிதிக்கிறார்கள். எவ்வளவு மணல் என்பதற்கு அளவுகோல் கிடையாது. மிதிக்கிற குதிகால்தான் அளவுகோல். மணல் குறைந்தால் காயும்போது வெடிக்கும், மிகுந்தால் மூக்கும் விரலும் கூர்மையாக வராது. பதமான மண்ணை முன்பாதி அச்சிலும் பின்பாதி அச்சிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்ட வைத்து, இரண்டையும் பொருத்தி, சேறு போன்ற குழம்பைத் தடவி இணைப்பை மூடி, அச்சைக் கழற்றியபின் ஈரத்துணியால் தையலைத் துடைத்து விடுகிறார்கள். முதலில் நிழலில் காய வேண்டும், பிறகுதான் வெயில். அதன்பின் சூளை, அதன்பின் வெள்ளைப் பூச்சு, அதன்பின் வர்ணம், கண் திறப்பது எல்லாவற்றிற்கும் கடைசியில். ஒரு சிறிய தசாவதாரத் தொகுதி முடிவதற்குள் வீட்டில் எல்லாருடைய கையும் அதில் பட்டுவிடுகிறது. மழை ஒரு வாரம் விடாமல் பெய்தால், பட்ட கை அத்தனையும் வீண்.

விளாச்சேரி எப்போதும் பொம்மை ஊராக இருந்ததில்லை. சோற்றுப் பானையும் தண்ணீர்க் குடமும் விற்றுப் பிழைத்த குயவரின் சக்கரத்தை முதலில் நிறுத்தியது அலுமினியம். எஞ்சியதை எவர்சில்வர் முடித்தது. அடுப்பு மாறியது, குழாய் வந்தது, குளிர்சாதனப் பெட்டி வந்தது. பானை போன பிறகு அநேக ஊர்களில் குயவர்கள் சித்தாள் வேலைக்கும் ஆலைக்கும் போனார்கள். விளாச்சேரிக்காரர்களோ சக்கரத்தை விட்டு அச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல்விளக்கு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டிடையரும் மாடும் குழந்தை ஏசுவும், தையில் பொங்கல் பானை என்று சமயபேதமின்றி வருஷத்தையே ஒரு தொழிற்சாலையாக மாற்றிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தை, சிருஷ்டித் திறன் என்ற பெரிய வார்த்தையால் குறித்தாலும் தகும். முழங்காலிட்ட ஒரே அச்சில் கிருஷ்ணனும் வருவான், மேய்ப்பனும் வருவான். காகிதத்தை ஊற வைத்து அரைத்துக் கூழாக்கி, பசை சேர்த்துச் செய்யும் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் இக்காலத்திலேயே பரவின. தூக்கிச் செல்ல லேசானவை, கடல் கடந்து அனுப்பினாலும் உடையாதவை.

இதற்கிடையில் பிள்ளையாரும் மாறிவிட்டார். நம்முடைய பாட்டிமார் காலத்துப் பிள்ளையார், தெருமுனையில் ஒருவர் மர அச்சில் ஈரக் களிமண்ணை அப்பித் தட்டிக் கொடுக்க, மணைப்பலகையில் வைத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். இரண்டு குன்றிமணி கண்கள், எருக்கம்பூ மாலை, மூங்கில் குச்சியில் ஒட்டிய வர்ணக் காகிதக் குடை. அவ்வளவே அலங்காரம். சூளை காணாதவர், வர்ணம் காணாதவர். மூன்றாம் நாள் அவரைக் கிணற்றில் விடுவார்கள். ஆவணி மாதத்தில் மானாவாரிக் கண்மாய்களில் விடுவதற்குத் தண்ணீர் இருக்காது என்பதால் பெரும்பாலும் கிணறுதான். குன்றிமணி மட்டும் மிஞ்சும். அதைக் குழந்தைகள் முன்கூட்டியே பெயர்த்து எடுத்துக்கொள்வதும் உண்டு. 1893-ல் பால கங்காதர திலகர் பூனாவில் வீட்டுப் பிள்ளையாரை வீதிக்குக் கொண்டுவந்து, அந்நிய ஆட்சிக்கு எதிராக ஜனங்களைத் திரட்டும் விழாவாக ஆக்கினார். அந்த வழக்கம் தமிழ்நாட்டில் பெருவாரியாகப் பரவியது 1980-களுக்குப் பின்புதான். வீதிக்கு வந்த பிள்ளையார் உயரமாக வேண்டியதாயிற்று. தெருவுக்குத் தெரு போட்டி. ஐந்தடி, எட்டடி, பன்னிரண்டடி. ஈரக் களிமண்ணில் பன்னிரண்டடி உருவம் செய்தால் அதைத் தூக்குவதற்கு ஆனை வேண்டும்.

அந்த இடத்தில்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனப்படும் பாரிஸ் சாந்து நுழைந்தது. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால், அதற்குள் அடங்கியிருக்கும் ஜலத்தில் முக்கால் பங்கு ஆவியாகி வெண்மையான மாவு மிஞ்சும். அந்த மாவில் தண்ணீர் விட்டுக் குழைத்தால், இழந்த ஜலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நிமிஷக் கணக்கில் கல்லாக இறுகும். இறுகும்போது இம்மியளவு விரியவும் செய்வதால், அச்சிலுள்ள நகக்கீறல் கூடப் பிசகாமல் பதியும். ரப்பரும் ஃபைபரும் கொண்ட அச்சுகள் வந்தபின் ஒரே நாளில் டஜன் கணக்கில் உருவங்களை வார்க்கலாம் என்றாயிற்று. மிதிக்க வேண்டாம், நிழலில் காக்க வேண்டாம், சூளை மூட்ட விறகு வேண்டாம், அடைமழைக்கு அஞ்ச வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்மாய்க்குப் போக வேண்டாம். மூட்டையாகக் கடையில் கிடைக்கிறது. இந்த சௌகரியத்தை ஏற்றுக்கொண்ட தொழிலாளியைக் குற்றம் சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. அவனுக்கு மண் எட்டாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளின் கீழ்க் கண்மாய் மண்ணும் ஒரு கனிமமாகி, அதை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. செங்கல் சூளைக்கும் மனை மேடேற்றுவதற்கும் லாரி லாரியாக மண் போனபோது அகப்படாத சட்டம், மாட்டு வண்டியில் களி ஏற்றியவனைப் பிடித்து நிறுத்தியது என்பது தென் ஜில்லாக்களில் குயவர் பலரும் சொல்லும் குறை. கண்மாய்களின் கதியோ அதைவிட மோசம். சீமைக் கருவேலம் மண்டியது, சாக்கடை கலந்தது, வரத்துக் கால்வாய்களின் மேல் வீடுகள் எழும்பின.

ஜிப்சமாக இறுகிய சாந்து ஒரு லிட்டர் ஜலத்தில் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். ஆகையால் நீரில் விட்ட பிள்ளையார் மாதக் கணக்கில் கரையாமல், கையும் தும்பிக்கையும் தனித்தனியே கரை ஒதுங்கிக் கிடக்கும் காட்சியைச் சதுர்த்திக்கு மறுவாரம் எல்லா ஊர்களும் பார்த்தன. மேலே பூசிய பளபளப்பான ரசாயன வர்ணங்களில் ஈயமும் மற்ற கன உலோகங்களும் இருந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-ல் விக்கிரகங்களைக் கரைப்பது பற்றிய நெறிமுறைகளை வகுத்தது. 2020 மே மாதத்தில் அவற்றைத் திருத்தி, பாரிஸ் சாந்து விக்கிரகங்களை அடியோடு விலக்கியது. தமிழக அரசு 2018-ல் பீடம் உட்பட 10 அடிக்கு மேற்படாத உயரம் என்று வரையறுத்தது. 2023 செப்டம்பரில், திருநெல்வேலியில் சாந்துச் சிலை செய்து வைத்திருந்த ஒருவருக்கு அவற்றை விற்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி அனுமதி அளிக்க, மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைக்க, அதற்கு மறுநாள் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. நீர்நிலைகளைக் காப்பாற்றும் பொருட்டு இந்த விசாரணை நடந்த மதுரைக் கிளையின் கட்டடம், 2004-ல் திறக்கப்பட்டபோது எழுந்து நின்றது உலகனேரிக் கண்மாயின் மேல். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நம் காலத்துச் சரித்திரமே அப்படி அமைந்திருக்கிறது.

தடை ஒரு பக்கம் இருக்க, யுக்திகளும் பெருகின. 2016-ல் பூனாவிலுள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் அந்நகரத்து மாநகராட்சியோடு சேர்ந்து, சாந்துச் சிலைகளை அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் இட்டுக் கரைக்கும் முறையைக் கொண்டுவந்தது. கரைந்தபின் மிஞ்சுவது சுண்ணாம்புத் தூளும், உரமாகப் பயன்படும் அம்மோனியம் சல்பேட்டும். அழகான ரசாயனம்; மறுக்க முடியாது. களிமண்ணுக்குள் விதை வைத்துத் தொட்டியில் கரைத்தால் செடி முளைக்கும் விதைப் பிள்ளையார் நகரங்களில் பிரசித்தம். தொட்டிச் செடிக்காகப் பிள்ளையாரா, பிள்ளையாருக்காகத் தொட்டிச் செடியா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனாலும் அதில் கெடுதல் ஒன்றுமில்லை. காகிதக்கூழும் கிழங்குமாவும் கொண்டு செய்த பெரிய உருவங்களைச் சுத்தமானவை என்று கொண்டாடுகிறார்கள். அவையும் தேங்கிய நீரில் கூட்டமாக விழுந்து அழுகினால் நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும், மீன் செத்து மிதக்கும். களிமண்ணும் தன்னளவில் புண்ணியம் பெற்றதல்ல. அதன் மேல் அதே ஈய வர்ணத்தைப் பூசினால் நஞ்சு நஞ்சுதான். சூளைக்கும் விறகு எரிகிறது, புகை எழுகிறது.

இந்த முயற்சிகள் யாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: பொருளின் முடிவைப் பற்றி மட்டுமே கவலைப்படுகின்றன. எங்கே கரைப்பது, எப்படிக் கரைப்பது, கரைந்தபின் என்ன மிஞ்சும் என்று அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் பத்திரிகைகளும் வருஷந்தோறும் விவாதிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி யார் வாயிலிருந்தும் வருவதில்லை. பிடிமண் கொடுத்த ஊருக்கு அந்தக் கேள்வி தெரிந்திருந்தது. பாரிஸ் சாந்து கண்மாய்க்குச் செய்த பெரிய தீங்கு அதில் விழுந்து கரையாமல் கிடந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். கண்மாயை நம்பி வாழ்ந்த கடைசி மனிதர்களில் ஒருவனுக்கு, கண்மாய் இல்லாமலும் பிழைக்கலாம் என்று காட்டிக் கொடுத்ததே பெரிய தீங்கு. நெல் விளைவித்தவன் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனான், குடிநீருக்குக் குழாய் வந்தது, குயவனுக்கு மூட்டை வந்தது. இப்படி ஒவ்வொருவராக விலகிய பிறகு, ஒரு நீர்நிலை வெறும் காலி மனையாகத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

இப்போது களிமண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. திரும்புவதற்கு மண் வேண்டும். 2017-லும் அதன் பிறகும் கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்க அரசு அனுமதி அளித்தது. 2024 ஜூலையில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டலும் களிமண்ணும் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் மட்டத்திலேயே பெறலாம் என்று முறையை எளிதாக்கியது. இந்த ஏற்பாட்டை மனமார வரவேற்கிறேன். ஆனால் இதில் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. களி வெட்டத் தக்க காலம் கண்மாய் வற்றிய பங்குனி, சித்திரை. அப்போது வெட்டி, உலர்த்தி, ஊற வைத்தால்தான் ஆனியில் அச்சுக்குப் போகும், ஆவணியில் பிள்ளையாராகும். ஆடியில் அனுமதிச் சீட்டு வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு குயவன் மீண்டும் மூட்டைக் கடைக்குத்தான் போவான்.

ஆகையால் அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேளார்களின் மனுக்களை மாசியிலேயே வாங்கி, பங்குனி பிறக்குமுன் உத்தரவு கொடுங்கள்; எந்தக் கண்மாயில், எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழம் என்பதையும் அந்த உத்தரவிலேயே குறித்து, லாரிக்காரர்கள் அவர்கள் பெயரால் மண் அள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். திருநகரிலிருந்தும் மதுரையிலிருந்தும் விளாச்சேரிக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்கும்போது, வர்ணம் பூசாத ஈர மண் பிள்ளையாரைக் கேட்டு வாங்குங்கள். விலை பேசி முடித்தபின், இந்த மண் எந்தக் கண்மாயிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.